ஒலிபெருக்கி யார் கையில்?

சென்ற பொங்கல் விழாவின்போது எங்கள் நல்லவாட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன். அதன் பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவைச் சேர்ந்த தோழியர் நால்வர் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினோம். எங்கள் ஆயாமார்களைப் பற்றிய பாட்டு அது. இருட்டோடு எழுந்து கரைக்குப் போவது, ஏலத்தில் மீன் எடுப்பது, அன்னக்கூடையைத் தலையில் சுமந்து தவளக்குப்பம் சாலைக்கு வருவது, கூடையைக் கண்டதும் நிற்காமல் போகும் பேருந்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று முகம் சுளிக்கும் மனிதர்கள் ஆகிய இவைதாம் அதில் வரும் செய்திகள். இராகம் போட்டுப் பாட எங்களுக்கு வராது. எனவே கைப்பேசியில் கிடைக்கும் தாளத்தை ஓடவிட்டு, அதற்கேற்ப வேகமாகப் பேசியே பாடினோம். இதைத்தான் ஆங்கிலத்தில் ராப் என்பார்கள். தமிழில் சொல்லிசை என்று வழங்குகிறார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னர்ப் பெரியவர் ஒருவர் எங்களை அழைத்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ராப்பெல்லாம் ஆம்பளப் பசங்க சமாச்சாரம். பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா? பேசாம ஒரு டான்ஸ் ஆடுங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அன்று மாலை எங்களைவிடச் சிறிய பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அப்பாட்டின் சொற்களை இந்த ஆண்டு மலரில் எழுத என் கை கூசுகிறது. ஆனால் அதைத் தவறென்று ஒருவரும் சொல்லவில்லை. கைதட்டல் விண்ணைப் பிளந்தது.

பிறர் எழுதிய தரக்குறைவான சொற்களுக்கு நாங்கள் ஆடலாம். எங்கள் வாழ்க்கையை எங்கள் சொற்களில் பேசக் கூடாது! இது என்ன நியாயம்? இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால் அந்தச் சொல்லிசை எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், அது உண்மையிலேயே ஆண்பிள்ளைகள் சமாச்சாரம்தானா என்று தேடிப் படித்தேன். படித்ததை அருட்சகோதரிகள், ஆசிரியைகள், பெற்றோர், தோழியர் ஆகிய உங்கள் அனைவரின் முன்னும் வைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். ஒலிபெருக்கியின் அருமை நல்லவாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. 1998-ஆம் ஆண்டு முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவியது. கடல் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்னும் செய்திகளை எங்கள் ஊர் மையம் ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலையில் இருந்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வீடுகள் போயின; படகுகள் போயின; மனிதர்கள் பிழைத்தார்கள்.

நான் அப்போது பிறக்கவில்லை. ஆயா சொல்லித்தான் தெரியும். அன்று கூவியவரின் குரல் இனிமையாக இருந்ததா, தாளம் தப்பியதா என்று யாரும் கேட்கவில்லை. சொல் தெளிவாக இருந்தது, உரிய நேரத்தில் வந்தது, அது போதுமாயிருந்தது. சொல்லிசையின் உயிரும் அதுதான். அங்கே குரலினிமை இரண்டாவது, சொல்லே முதலாவது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. 1970-களில் அங்கே கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் பெரும் வறுமையில் வாழ்ந்தார்கள். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்னும் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. கூல் ஹெர்க் என்னும் பதினெட்டு வயது இளைஞர் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்வது அவர் கண்ட உத்தி. ஹிப்-ஹாப் என்னும் கலை அன்றுதான் பிறந்தது என்று உலகம் கொண்டாடுகிறது.

ஆனால் அந்த விருந்தை நடத்தியவர் யார் தெரியுமா? அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல்! பள்ளி திறக்கும் நேரம். புது உடுப்பு வாங்கப் பணம் வேண்டும். அதற்காக அந்தப் பெண் விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். அழைப்பைக் கையாலேயே எழுதினாள். நுழைவுக் கட்டணம் ஆண்களுக்கு 50 சென்ட், பெண்களுக்கு 25 சென்ட். பள்ளிக்கூடத்து உடுப்புக்காக ஒரு மாணவி போட்ட திட்டத்தில் பிறந்த கலையை "பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பது எவ்வளவு வேடிக்கை, பாருங்கள்.

இதற்கடுத்த ஆண்டுகளிலும் பெண்கள் இல்லாமல் இல்லை. "ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன்" என்று ஒரு குழு. அதாவது நால்வர், கூட்டல் ஒருவர். அந்தக் கூட்டல் ஒருவர் ஷா-ராக் என்னும் இளம்பெண். 1981-ஆம் ஆண்டு அமெரிக்க நாடு முழுவதும் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இக்குழு பாடியது. நாடு தழுவிய தொலைக்காட்சியில் தோன்றிய முதல் ஹிப்-ஹாப் குழு இதுவே என்பார்கள்.

இந்தக் கலையோடு எந்திரம் சேர்ந்த கதையும் சுவையானது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ஆம் ஆண்டு டி.ஆர்.-808 என்று ஒரு தாள எந்திரத்தை வெளியிட்டது. மேளக்காரர் இல்லாமலே தாளம் கொடுக்கும் பெட்டி அது. "இது உண்மையான மேளம்போல் ஒலிக்கவில்லையே!" என்று இசை வல்லுநர் பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஒதுக்கப்பட்ட பெட்டிகள் பழைய பொருள் கடைகளுக்குப் போய் விலை குறைந்தபோது, வாத்தியக் குழுவை அமர்த்த வசதியில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் வேண்டாமென்று தள்ளிய பெட்டிதான் வசதியற்றவர்களின் மேளமாயிற்று. ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் அந்த எந்திரத்தைக் கொண்டு 1982-இல் "பிளானட் ராக்" என்னும் பாட்டை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழுவினுடைய மின்னிசை மெட்டும், பிராங்க்ஸ் தெருவின் பேச்சும் அதில் ஒன்று கலந்தன. மின்னிசை ஹிப்-ஹாப் என்னும் கிளை அப்படித்தான் தழைத்தது.

அதே 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் குழுவின் பெயரில் "தி மெசேஜ்" வந்தது. அதற்கு முன் இத்தகைய பாட்டுகள் பெரும்பாலும் கொண்டாட்டத்துக்கே பயன்பட்டன. இந்தப் பாட்டோ சேரி வாழ்க்கையின் அவலத்தை அப்படியே எடுத்துச் சொன்னது. "இதை யார் கேட்பார்கள்?" என்று குழுவினர் தயங்கியபோது, வந்தே தீரவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் சில்வியா ராபின்சன் என்னும் பெண் தயாரிப்பாளர். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காலமெல்லாம் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகள் என்று 2002-ஆம் ஆண்டுக்கெனத் தேர்ந்தெடுத்த முதல் ஐம்பது பதிவுகளின் பட்டியலில் இப்பாட்டும் இடம்பெற்றது.

நம் தமிழுக்கு இக்கலை எப்படி வந்தது? 1994-இல் வெளியான "காதலன்" திரைப்படத்தின் "பேட்டை ராப்" பாட்டைப் பெற்றோர் பலர் அறிவர். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த அப்பாட்டில் சுரேஷ் பீட்டர்சோடு தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலும் ஒலித்தது. கிராமத்துப் பெண்ணின் கணீரென்ற குரல் அந்தப் பாட்டுக்குக் கொஞ்சமும் அந்நியமாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் சொல்லிசையைத் தனிக்கலையாக வளர்த்தவர்களில் முன்னோடிகள் மலேசியத் தமிழர்கள். ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் காலப்போக்கில் நகரங்களுக்கு வந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி பேசினார்கள். கோலாலம்பூரில் 1990-களில் தோன்றிய "பொயட்டிக் அம்மோ" என்னும் குழுவின் 1998-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், சீனக் கான்டனீசு ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. அக்குழுவில் இருந்த யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரோடு "யோகி பி அண்ட் நட்சத்திரா" என்னும் குழுவாகி, 2006-இல் "வல்லவன்" என்னும் முழுத் தமிழ்த் தொகுப்பைக் கொண்டுவந்தார். "நிழல்கள்" (1980) படத்துக்காக இளையராஜா அமைத்த "மடை திறந்து" பாட்டை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தம் சொல்லிசையை ஏற்றினார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். "தமிழிலும் இப்படிப் பேச முடியுமா?" என்ற ஐயம் தீர்ந்தது. கடல் கடந்து போன தமிழ், கடல் கடந்தே நம்மிடம் புதிய உருவில் திரும்பி வந்தது.

இவ்வரலாறு பெருமைக்குரியதுதான். ஆயினும் ஒன்று என் கண்ணில் பட்டது. இக்குழுக்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்களே. பெண்களைப் பற்றிய பாட்டுகள் உண்டு. பெண்கள் பாடியவை குறைவு. 2011-இல் "கிளப்புல மப்புல" என்று ஹிப்ஹாப் தமிழா குழுவின் பாட்டு ஒன்று இணையத்தில் பெரும்புகழ் பெற்றது. குடித்துவிட்டு ஆடும் நகரத்துப் பெண்களைக் கண்டிக்கும் பாட்டு. "பையன் நல்லாச் சொன்னான்" என்று பெரியவர்கள் பலர் தலையசைத்தார்கள். குடி தீமை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் குடியால் அழிந்த வீடுகளில், குடித்தவர் யார், அழுதவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஓர் ஆண் ராப் பாடினால் அது நல்ல பாட்டு, தன் துன்பத்தைச் சொல்ல ஒரு பெண் ராப் பாடினால் "உனக்கெதற்கு?" என்பதா?

அந்தத் தடையைத் தாண்டிய தமிழ்ப் பெண் ஒருவரைப் பற்றி நம் பள்ளித் தோழியர் கட்டாயம் அறியவேண்டும். மாதங்கி அருள்பிரகாசம் என்பது அவர் பெயர். எம்.ஐ.ஏ. என்றால் உலகம் அறியும். 1975-இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, அங்கே நம்மைப்போலவே கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். யாழ்ப்பாணத் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில்தான் அவருடைய ஓவியத் திறமை வளர்ந்தது. போர் மூண்டபின் 1980-களின் நடுவில் தாயோடும் உடன்பிறந்தோரோடும் அகதியாக இலண்டன் சென்றார். தாய் கலா துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மாதங்கி கலைக்கல்லூரியில் படித்துவிட்டு, ரோலண்ட் நிறுவனத்தின் வேறொரு சிறு தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார். தந்தையின் பெயரால் "அருளர்" என்னும் தொகுப்பு 2005-இல் வந்தது. தாயின் பெயரால் "கலா" 2007-இல் வந்தது. "கலா"வுக்காகச் சென்னைக்கு வந்து நம் உருமி மேளத்தைப் பதிவு செய்து கொண்டுபோனார். தையல் வேலை செய்த ஒரு தமிழ்த் தாயின் பெயர் உலகமெங்கும் இசைக் கடைகளில் இருந்தது என்றால், அதற்குக் காரணம் மகள் கையில் இருந்த ஒலிபெருக்கி அல்லவா? அவர் பாடல்கள் எல்லாமே நம் பள்ளி மேடைக்கு ஏற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெண்ணுக்கு இக்கலை எதற்கு என்பாருக்கு அவர் வாழ்க்கையே விடை.

நம் பக்கத்திலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவில் கானாவும் ராப்பும் கலந்தன. கானா ஆண்களின் பாட்டு என்றிருந்த நிலையில் அக்குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 2021-இல் வந்த "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டில், தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையை அறிவு சொல்லிசையாக்கினார். பாடகி தீ உடன் பாடினார். ஒரு பாட்டியின் கதையை உலகம் கேட்கும் என்றால், மீன்கூடை சுமக்கும் எங்கள் ஆயாவின் கதையை எங்கள் ஊர் கேட்காதா?

பெற்றோரின் அச்சத்தை நான் அறியாமல் இல்லை. "இந்தப் பாட்டுகளில் கெட்ட சொற்கள் வருகின்றன, பெண்களை இழிவாகப் பேசுகிறார்கள், போதையைப் புகழ்கிறார்கள்" என்பார்கள். உண்மைதான், மறுக்கமாட்டேன். முன்னே குறிப்பிட்ட பம்பாட்டாவின் மீதே, அவர் சிறுவர்களுக்குப் பெருந்தீங்கு இழைத்ததாக 2016-இல் பலர் குற்றம் சாட்டினர். அவர் மறுத்தார், எனினும் தாம் நிறுவிய அமைப்பின் தலைமையிலிருந்து விலகினார். ஒருவர் பெரிய கலைஞர் என்பதற்காக அவரைக் கண்ணை மூடிக்கொண்டு வணங்கக் கூடாது என்பதற்கு இது நமக்கு நல்ல பாடம்.

ஆனால் கத்தி குத்தவும் உதவும், காய் நறுக்கவும் உதவும். குத்துகிறவன் இருக்கிறான் என்பதற்காக நாம் அடுப்பங்கரையிலிருந்து கத்தியை எடுத்து எறிவதில்லை. திரைப்படப் பாட்டிலும் தரக்குறைவான சொற்கள் உண்டு. அதற்காக நாம் இசையையே விலக்கினோமா? நல்ல பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டால் ஒலிபெருக்கி சும்மா கிடக்காது. வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். நம்மைப் பற்றி அவர்களே பேசுவார்கள்.

இன்னும் சிலர், "இது நம் பண்பாடு அன்று" என்பார்கள். மாசி மாதக் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ஒருவர் கேட்க மற்றவர் மடக்கிப் பதில் சொல்லும் லாவணி எங்கிருந்து வந்தது? வில்லுப்பாட்டில் பேச்சும் பாட்டும் மாறி மாறி வரவில்லையா? கூத்தில் கட்டியங்காரன் ஊர்க்குறைகளை எடுத்து இடித்துரைக்கவில்லையா? ஒப்பாரியில் எங்கள் ஊர்ப் பெண்கள் நினைத்த மாத்திரத்தில் வரி கட்டுகிறார்களே, அதற்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? தாளத்தோடு பேசுவது நமக்கு அந்நியம் அன்று. பெட்டிதான் ஜப்பானிலிருந்து வந்தது. ஆர்மோனியப் பெட்டியும் அயல்நாட்டிலிருந்து வந்ததுதானே!

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று.

முதலாவது, நம் பள்ளியின் அடுத்த ஆண்டு விழாவில் சொல்லிசைக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்குங்கள். பாடும் பிள்ளைகளே பாட்டை எழுதவேண்டும். பிறர் பாட்டைப் பாடக் கூடாது என்று விதி வையுங்கள்.

இரண்டாவது, எழுதியதைத் தமிழாசிரியை முன்கூட்டியே பார்த்துத் திருத்தட்டும். பிழையான சொல்லையும் பிறர் மனம் புண்படும் சொல்லையும் நீக்கட்டும். ஆனால் உண்மை கசக்கிறது என்பதற்காக மட்டும் எந்த வரியையும் நீக்கவேண்டாம்.

மூன்றாவது வேண்டுகோள் தோழியர்க்கு. மேடை கிடைத்தால் அதை வீணாக்காதீர்கள். பிறரைத் திட்டவும், நம்மை நாமே புகழ்ந்துகொள்ளவும் அது வேண்டாம். வில்லியனூரிலிருந்து வருபவள் தன் தெருவைப் பற்றி எழுதட்டும். பாகூரிலிருந்து வருபவள் ஏரியையும் வயலையும் பற்றி எழுதட்டும். கடற்கரைப் பிள்ளைகள் கடல் தின்னும் கரையைப் பற்றி எழுதுவோம். எழுதுவதற்குப் பஞ்சமில்லை.

கடைசியாக ஒன்று. பொங்கல் மேடையில் பாட முடியாமல் போன அந்தப் பாட்டை அன்றிரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் பாடினோம். கேட்டவர் ஆயாவும் பக்கத்து வீட்டு அத்தைமார் இருவரும்தான். பேருந்து நிற்காமல் போகும் வரி வந்தபோது ஒருவரும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் ஆயா சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "இதத்தான்டி நான் நாப்பது வருசமா தெருத்தெருவாக் கூவிக்கிட்டு இருக்கேன். எனக்கு மைக்குதான் இல்ல" என்றாள்.

எங்கள் ஆயாவுக்கு மைக் கிடைக்கவில்லை. பேத்திகளுக்காவது கிடைக்கட்டும்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
நல்லவாடு.